ஏழு நிமிட ஓட்டமும் ஒரு கயிறும்

தமிழ்நாட்டில் காவலர் வேலைக்கு மனுப்போட்ட இளைஞர் எழுத்துத் தேர்வைத் தாண்டியதும் மைதானத்தில் இரண்டு கேள்விகளுக்கு உடம்பால் பதில் சொல்ல வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிவிடுவாயா என்பது முதல் கேள்வி. அதில் தேறினால், இந்தக் கயிற்றில் ஏறுவாயா என்பது அடுத்தது. பிறகு தாண்டுதல், குறுந்தூர ஓட்டம். பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டத்துடன் குண்டு எறிதலோ கிரிக்கெட் பந்து எறிதலோ உண்டு. ராணுவ ஆள்சேர்ப்பு முகாமிலும் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தோடு விடமாட்டார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுக்கச் சொல்வார்கள். பையன்கள் அதை ‘பீம்’ என்பார்கள்.

இந்தத் தேர்வுகளுக்காக விடியற்காலையில் பள்ளி மைதானங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் பழகும் பிள்ளைகளைக் கவனித்தால் இரண்டு வகை தெரியும். ஒல்லியாக இருந்து அநாயாசமாக ஓடிவிட்டு, கயிற்றுக்கு அடியில் வந்து மலைத்து நிற்பவர்கள் ஒரு வகை. ஜிம்முக்குப் போய்த் தோளும் மாரும் ஏற்றிக்கொண்டு, மூன்றாவது சுற்றிலேயே மூச்சு வாங்கி இடுப்பைப் பிடிப்பவர்கள் இன்னொரு வகை. இவர்களில் யாருக்கு உடல்தகுதி இருக்கிறது? இரண்டும் இருப்பவருக்குத்தான் என்பது தேர்வு மைதானத்தின் பதில். மருத்துவமும் விளையாட்டு அறிவியலும் அதே பதிலுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. நம் வீடுகளுக்கும் மருத்துவர் அறைகளுக்கும் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

எனக்கு அது வந்து சேர்ந்தது ஒரு குளியலறைத் தரையில். எட்டு வருடமாக ஓடுகிறேன். 21 கிலோமீட்டர் அரை மாரத்தானைப் பலமுறை முடித்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் அம்மா வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் தானாக எழ முடியவில்லை. என்னாலும் தூக்க முடியவில்லை. குனிந்து இழுத்தால் இடுப்பு விட்டுப்போகும் போலிருந்தது. கடைசியில் கட்டட வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து, ஒரே மூச்சில் அம்மாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் வாழ்நாளில் பந்தயத்துக்கென்று ஓடியதில்லை. என் நெஞ்சு நன்றாக வேலை செய்தது. கையும் முதுகும் வேலை செய்யவில்லை. அன்றிலிருந்துதான் உடல்தகுதி என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பழைய தமிழ்ப் பேச்சில் இதற்குத் திடகாத்திரம் என்ற சொல் உண்டு. திடமான அங்கம் என்று பொருள். முதியவர் ஒருவரைப் பாராட்ட ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்போம். இரண்டுமே உறுதியைத்தான் சொல்கின்றன. தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்கிக் காட்டிய வழக்கமும் அந்தப் பக்கம்தான் சாயும். உருண்டு திரண்ட கல்லை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் தள்ளியவனே முழு ஆண்பிள்ளை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நம் பழைய உடற்பயிற்சிச் சாலைகள் கற்றுக்கொடுத்தவையும் வலுவுக்கானவை. ஓட்டத்தைத் தனியாக யாரும் பழகவில்லை. காட்டுக்கும் மேட்டுக்கும் சந்தைக்கும் நடந்தே போன உடம்புக்கு மூச்சு தானாக வந்தது. வலுவைத்தான் பழகிக் காட்ட வேண்டியிருந்தது.

மேற்கிலும் தொடக்கம் அப்படியே. 1954-இல் அமெரிக்காவில் கிராஸ்-வெபர் என்ற சோதனையின் முடிவுகள் வெளியாயின. வயிறும் முதுகும் எவ்வளவு தாங்குகின்றன, குனிந்து தரையைத் தொட முடிகிறதா என்று பார்க்கும் ஆறு எளிய அசைவுகள் அவை. அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஒன்றிலாவது தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. அதிபர் ஐசன்ஹோவர் பதறிப்போய் 1956-இல் இளைஞர் உடல்தகுதிக்கென ஒரு மன்றமே அமைத்தார். ஒரு தேசத்தையே கலங்கவைத்த அந்தச் சோதனையில் ஓட்டம் இல்லவே இல்லை.

நெஞ்சின் பக்கம் தராசு சாய்ந்ததற்கு வேர் லண்டன் பேருந்துகளில் இருக்கிறது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டை அடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவாக வந்தது தெரிந்தது. 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் ‘ஏரோபிக்ஸ்’ என்ற நூலை எழுதினார். 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்பதே தகுதியின் அளவானது. 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றதும் அமெரிக்கத் தெருக்களில் ஓட்டம் பரவியது. 1978-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு ஆரோக்கியமான பெரியவர்களுக்கான பயிற்சிப் பரிந்துரையை வெளியிட்டபோது அது முழுக்க இதயத்தையும் நுரையீரலையும் பற்றியதாக இருந்தது. தசை வலுவுக்கான பயிற்சியை அதே அமைப்பு சேர்த்துக்கொண்டது 1990-இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் உருவான எண்ணம்தான் இன்றும் நம் மருத்துவர்கள் வாயில் ‘வாக்கிங் போங்க’ என்ற இரண்டு சொற்களாக வருகிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் குரல் எழுந்தது. அமெரிக்க இதழ் ஒன்று மார்க் ஆலன் என்ற டிரையத்லான் வீரரை உலகிலேயே தகுதி மிக்கவர் என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு, கிராஸ்ஃபிட் நிறுவனர் கிரெக் கிளாஸ்மேன் 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார். நீந்தி, மிதித்து, ஓடுவதில் மன்னனாக இருப்பவரின் வலுவும் வேகமும் என்ன கணக்கில் வருகின்றன என்பது அவர் கேள்வி. மூச்சு, தாங்குதிறன், வலு, வளைவு, வெடிப்பு, வேகம், ஒருங்கிணைப்பு, சுறுசுறுப்பு, சமநிலை, துல்லியம் என்று பத்தைப் பட்டியலிட்டு, எதில் ஓட்டை இருக்கிறதோ அந்த அளவுக்குத் தகுதி குறைவு என்றார். அவருடைய பயிற்சி முறையின் மூர்க்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கேள்வியை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடாதா? ஜிம்மில் யாரைக் கேட்டாலும் ‘கார்டியோ பண்ணா சைஸ் போயிடும்’ என்பார்கள். இந்த அச்சத்துக்கு ஒரு மூலம் உண்டு, அதன் கதையும் அழகானது. ராபர்ட் ஹிக்சன் எடை தூக்குவதில் ஆசை கொண்ட இளம் ஆய்வாளர். செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலோசி என்ற பேராசிரியரிடம் வேலை செய்ய வந்தார். ஹாலோசி ஓடுகிறவர். குருவோடு சேர்ந்து ஓட ஆரம்பித்த சீடருக்கு, எடை தூக்குவதை விடாதபோதும் தசை கரைவது தெரிந்தது. அவரிடமே போய் ஏன் என்று கேட்டார். உனக்கென்று ஆய்வுக்கூடம் அமையும்போது முதலில் இதை ஆராய் என்றாராம் ஹாலோசி.

ஹிக்சன் ஆராய்ந்தார். 1980-இல் வெளியான அந்த ஆய்வில் மூன்று குழுக்கள் பத்து வாரம் பயின்றன. ஒன்று வாரம் 5 நாள் கனமான எடைப் பயிற்சி மட்டும் செய்தது. இன்னொன்று வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம், கடுமையாக ஓடியது அல்லது சைக்கிள் மிதித்தது. மூன்றாவது குழு இரண்டையும் முழுசாகச் செய்தது. வலுக் குழுவின் கால் வலு கடைசி வாரம்வரை ஏறிக்கொண்டே போனது. சேர்த்துச் செய்தவர்களின் வலுவும் முதலில் ஏறியது. ஏழாவது வாரம் வாக்கில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது. ஆனால் மூச்சுத் திறனில் அவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை. ஓட்டக் குழு பெற்ற அதே முன்னேற்றம் அவர்களுக்கும் கிடைத்தது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒரு கணக்கைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது குழு வாரத்துக்குப் பதினொரு கடும் பயிற்சிகளைச் செய்தது, பெரும்பாலும் அதே கால்களைக் கொண்டு. வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வாரம் நான்கு நாள் நேரம் ஒதுக்கினாலே பெரிதென்று இருப்பவருக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது.

பின்னால் உயிர்வேதியியலும் ஒரு விளக்கம் கொடுத்தது. நீண்ட ஓட்டத்தில் தசையின் எரிபொருள் குறையும்போது ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. சிக்கனமாய் இரு, சக்தி உண்டாக்கும் இழையுறுப்புகளைப் பெருக்கு என்று அது செல்லுக்குச் சொல்கிறது. எடை தூக்கும்போது எம்டார் என்ற இன்னொரு சமிக்ஞை, புரதம் கட்டு, தசையைத் தடிக்கவை என்கிறது. முதலாவது இரண்டாவதை அடக்கும். ஆய்வுக்கூடத்துத் தட்டிலும் எலித் தசையிலும் இது தெளிவாகவே தெரிந்தது. மனித உடம்பில் அந்தச் சண்டை சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. நல்ல சாப்பாடும் தூக்கமும் இருந்தால் இரண்டு வேலையும் நடக்கும்.

அப்படித்தான் நடக்கிறது என்பதற்குப் பிந்தைய தொகுப்பாய்வுகள் சாட்சி. 2012-இல் 21 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது குறுக்கீடு இருப்பதும், சைக்கிளைவிட ஓட்டத்தில் அது அதிகம் என்பதும், ஓட்டத்தின் நேரமும் நாள்களும் கூடக் கூட அது கூடுவதும் தெரிந்தன. 2022-இல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இன்னும் ஆறுதலான முடிவுக்கு வந்தார்கள். தசை வளர்ச்சியும் உச்ச வலுவும் பாதிக்கப்படவில்லை. வெடித்துக் கிளம்பும் வேகம் மட்டும் சற்றுக் குறைகிறது. அதுவும் இரண்டு பயிற்சிகளையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துச் செய்தால். மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டால் அந்தச் சிக்கலும் தணிகிறது. கபடியில் பாய்கிறவருக்கும் நீளம் தாண்டுகிறவருக்கும் இது முக்கியம். மற்றவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓட்டக்காரர்கள் பக்கம் வந்தால் கணக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. வலு ஓட்டத்துக்குக் கெடுதல் செய்யவில்லை, உதவுகிறது. 1999-இல் ஃபின்லாந்தில் லீனா பாவொலாய்னென் குழுவினர், நன்கு பழகிய ஓட்டக்காரர்களின் பயிற்சி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் குதித்தல், குறுவிரைவு ஓட்டம், வேகமான எடைப் பயிற்சி ஆகியவற்றைக் கொடுத்தார்கள். ஒன்பது வாரம் கழித்து அவர்களுடைய 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது. உடம்பு உள்ளிழுக்கும் பிராணவாயுவின் உச்ச அளவோ ஏறவில்லை. அப்படியென்றால் வேகம் எங்கிருந்து வந்தது? காலும் தசைநாணும் வில்லுப்போல் விறைத்து, ஒவ்வொரு அடியிலும் வீணாகும் சக்தியைத் திருப்பிக் கொடுத்தன. குறைந்த எரிபொருளில் அதே தூரம் போகும் வண்டி ஆயின அவர்கள் கால்கள். இதைப் படித்தபோது, வாரம் 50 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட எடை தொடாமல் நான் கழித்த வருடங்களுக்காக வருத்தப்பட்டேன்.

காயத்துக்கும் இதே பதில்தான். இருபத்தைந்து சோதனைகளில் 26,000 பேருக்கு மேல் பங்கேற்ற தரவுகளை 2014-இல் திரட்டிப் பார்த்ததில், வலுப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. உடல் இழுப்புப் பயிற்சிகள், நாம் பக்தியோடு செய்யும் அந்த ஸ்ட்ரெச்சிங், தெளிவான பலன் எதையும் காட்டவில்லை. ‘ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும்’ என்று வீட்டில் பயமுறுத்துவார்களே, அதையும் இங்கேயே முடித்துவிடலாம். 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு. போட்டிக்காகவே ஓடும் உச்சநிலை வீரர்களில் மட்டும் அது 13.3 சதவீதம்.

ஆயுளின் கணக்குக்கு வருவோம். 17 நாடுகளில், இந்தியா உட்பட, சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து பின்தொடர்ந்த பியூர் ஆய்வு 2015-இல் வெளியானது. பிடி 5 கிலோ குறைந்தால் இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடியது. ஓட்டத்துக்கும் இணையான சாட்சி உண்டு. டெக்சாஸில் 55,000 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், ஓடுகிறவர்கள் ஓடாதவர்களைவிட இறக்கும் அபாயம் 30 சதவீதம் குறைவாகக் கொண்டிருந்தார்கள். நாளுக்கு ஐந்து பத்து நிமிட மெல்லோட்டத்துக்கே பெரும்பகுதி பலன் கிடைத்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022-இல் தொகுத்ததில், வாரம் 30 முதல் 60 நிமிட வலுப் பயிற்சிக்கே முழுப் பலன் வந்துவிடுகிறது; இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களுக்கு, எதையும் செய்யாதவர்களைவிட, அபாயம் 40 சதவீதம் குறைவு. இவையெல்லாம் கவனித்து எழுதிய கணக்குகள் என்பதை மறக்கக் கூடாது. உடம்பு நன்றாக இருப்பவரே ஓடவும் தூக்கவும் வருவார் என்ற ஐயம் இவற்றில் எப்போதும் ஒட்டியிருக்கும். மூன்று கண்டங்களின் ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுவதால்தான் நான் நம்புகிறேன்.

அந்த ஐயம் இல்லாத சாட்சி நீரிழிவிலிருந்து வருகிறது, நமக்கு மிக நெருக்கமானதும் அதுவே. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு, 2023-இல், இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் தள்ளிச் சேர்க்கும் பெரிய களஞ்சியம் தசைதான். களஞ்சியம் சிறுத்தால் சர்க்கரை வெளியே தேங்கும். 2007-இல் கனடாவில் 251 நோயாளிகளைச் சீட்டுக்குலுக்கலில் பிரித்து நடத்திய சோதனையில், ஓட்டம் போன்ற பயிற்சியும் எடைப் பயிற்சியும் தனித்தனியே மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் குறைத்தன. சேர்த்துச் செய்தவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. சேர்த்துச் செய்தவர்கள் அதிக நேரம் செய்தார்கள், அதனால்தான் என்று யாரும் சொல்லலாம். 2010-இல் லூசியானாவில் 262 பேரிடம் நடந்த சோதனை அந்த ஓட்டையை அடைத்தது. எல்லாக் குழுக்களுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். ஒன்பது மாதம் கழித்து, பயிற்சி செய்யாத குழுவோடு ஒப்பிடும்போது தெளிவாகச் சர்க்கரை குறைந்தது இரண்டையும் கலந்து செய்த குழுவுக்கு மட்டுமே.

இந்திய உடம்புக்கு இதில் தனிப் பாடம் உண்டு. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்கள் படத்தை அருகருகே வைத்து ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர் என்பதும் இதில் சேர்த்தி. ஆனாலும் ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் தசை குறைந்து கொழுப்பு ஒளிந்திருக்கும் என்ற உண்மையை அந்தப் படம் போல வேறெதுவும் எனக்குப் புரியவைக்கவில்லை. நம்மில் பலர் எடை இயந்திரத்தில் ஏறி நிம்மதி அடைகிறோம். அது காட்டும் எண்ணில் எவ்வளவு தசை என்று அது சொல்வதில்லை.

ஆகவே என் முடிவு இது: உடல்தகுதியை உங்கள் சிறந்த திறமையைக் கொண்டு அளக்காதீர்கள், பலவீனமான பக்கத்தைக் கொண்டு அளங்கள். 120 கிலோ டெட்லிஃப்ட் போடும் தம்பி மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினால் அந்த மூச்சுதான் அவர் தகுதி. மாரத்தான் பதக்கங்களை வரவேற்பறையில் மாட்டியிருப்பவர் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்க ஆள் தேடினால் அந்தக் கைதான் அவர் தகுதி. பாதிப் பாதி என்ற சமன்பாடு எல்லாருக்கும் பொருந்தாது. எது குறையோ அதற்குக் கூடுதல் நாள் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது அடித்தளம்: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமாகவோ அதில் பாதி நேரம் கடுமையாகவோ மூச்சு வாங்கும் வேலை, கூடவே இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் பயிற்சி.

இந்த இரண்டாவது பாதி நம் ஊரில் அநாதையாக நிற்கிறது. 2023-இல் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது; நல்ல காரியம், நானும் நடக்கிறேன். அந்தப் பாதைகளின் ஓரங்களில் தொங்கி இழுக்க ஒரு கம்பியும், ஏறி இறங்க ஒரு திண்ணையும் இருக்க வேண்டும் என்று மனமாரக் கேட்கிறேன். பெண்கள் விஷயத்தில் இந்தக் குறை கொடுமையாகிறது. குடமும் விறகும் சுமந்த பாட்டியின் எலும்புக்குக் கிடைத்த பாரம், நகரத்துப் பேத்திக்குக் கிடைப்பதில்லை. எடை தூக்குவது ஆண் வேலை என்ற கூச்சம் வேறு. ஆஸ்திரேலியாவில் எலும்படர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் 101 பேர் பங்கேற்ற சோதனை ஒன்று 2018-இல் வெளியானது. மேற்பார்வையோடு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கனமான எடையையே தூக்கியவர்களுக்கு எட்டு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்குப் பாஸ்டன் முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் செய்த சோதனையைச் சொல்லலாம். 1990-இல் வெளியான அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 90. எட்டு வாரம் கால்களுக்குக் கனமான எடைப் பயிற்சி. வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டார்கள்.

முதியவர்களின் தகுதியை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் ஒரு சோதனைத் தொகுதி இருக்கிறது. அதில் இரண்டு உருப்படிகளைப் படித்தபோது காவலர் தேர்வு மைதானம் என் கண்முன் வந்தது. ஒன்று, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது. மற்றொன்று, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார் என்பது. இருபது வயதில் 1500 மீட்டரும் கயிறும் கேட்ட அதே இரண்டு கேள்விகள்தான், எழுபதைத் தாண்டியபின் குரலைத் தாழ்த்திக் கேட்கின்றன.

அம்மாவுக்கு இப்போது 76. அந்த வயதுப் பெண்களுக்கு நாற்காலிக் கணக்கு பத்துக்குக் கீழே போனால் விழும் அபாயம் கூடுதல் என்று கொள்கிறார்கள். விழுந்த மாதத்தில் அம்மாவால் மூன்று முறைதான் எழ முடிந்தது. காலையில் நான் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தரையிலிருந்து தூக்கி இறக்கும்போது, எதிரே நாற்காலியில் அவர் எழுந்து உட்காருகிறார். நேற்று எட்டு.